டாட் இன் யார் கையில் இருக்கிறது? வலமிருந்து படித்தால் தெரியும்

ராமேஸ்வரம் ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் விசைப்படகு ஏதாவது ஒன்றைப் பாருங்கள். ஐஎன்டி, டிஎன், 10, எம்எம், அதற்குப் பிறகு ஒரு எண் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். முதலில் நாடு, அடுத்து மாநிலம், அடுத்து மாவட்டத்துக்கான எண், அப்புறம் படகின் வகை, கடைசியில் அந்தப் படகுக்கே உரிய எண். கடலில் எதிரே வருகிறவர் இதைப் பார்த்தால் போதும், இது எந்த ஊர்ப் படகு, ஏதாவது என்றால் எந்த அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இணைய முகவரியும் இதே வேலையைத்தான் செய்கிறது. திருப்பிப் போட்டு எழுதுகிறார்கள், அவ்வளவுதான். படகில் நாடு முதலில் வரும், இணையத்தில் கடைசியில் வரும்.

நம் மாவட்ட நிர்வாகத்தின் தளத்தையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் டாட் நிக் டாட் இன். இதை வலமிருந்து படியுங்கள். இன் என்றால் இந்தியா. நிக் என்பது மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம். ராமநாதபுரம் என்பது அந்த மையம் தன் எல்லைக்குள் நம் மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடம். ஒவ்வொரு புள்ளியிலும் பொறுப்பு கை மாறுகிறது. டாட் இன்னை நிர்வகிக்கிறவர் 'நிக்' என்ற பெயரை மையத்திடம் ஒப்படைத்துவிட்டார். அதற்குக் கீழே ராமநாதபுரம் வைப்பதா, சிவகங்கை வைப்பதா என்பது மையத்தின் பாடு. மேலே இருப்பவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. இந்தப் பெயர் முறைக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். நாம் டொமைன், டொமைன் என்கிறோமே, அது இதில் ஒரு கண்ணி.

பெயர் மனிதர்களுக்கு. கணினிக்கு வேண்டியது எண். தங்கச்சிமடத்தில் ஒருவர் மாவட்டத் தளத்தைப் போனில் திறக்கிறார் என்று வையுங்கள். போன் முதலில் சிம் கம்பெனியின் கணினியிடம், 'இந்தப் பெயருக்கு எண் என்ன?' என்று கேட்கும். அதற்குத் தெரியவில்லை என்றால் மேலிடத்துக்குப் போகும். மேலிடம் என்பது ரூட். உலகம் முழுவதற்கும் ஒரே ரூட் பட்டியல்தான். 13 பெயர்களில் ரூட் சர்வர்கள் இயங்குகின்றன. அவற்றின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேல் உண்டு, இந்தியாவிலும் இருக்கின்றன. ஆனால் ரூட்டுக்கு ராமநாதபுரம் எங்கே இருக்கிறது என்று சத்தியமாகத் தெரியாது. 'டாட் இன் விஷயமா? இன்ன இடத்தில் கேள்' என்று மட்டும் சொல்லும். டாட் இன் சர்வரோ, 'நிக்கா? அவர்களிடம் கேள்' என்று கைகாட்டும். நிக்கின் சர்வர்தான் கடைசியில் எண்ணைச் சொல்லும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடியும். வந்த பதிலைச் சிம் கம்பெனி கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் அடுத்து உச்சிப்புளியில் ஒருவர் அதே தளத்தைக் கேட்டால் இந்தச் சுற்று தேவைப்படாது.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போனால் சில சமயம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புக் குறுஞ்செய்தி காட்டும். அப்போது டாட் இன் தளத்தைத் திறந்தால் வேறு ஏதாவது வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. எந்த டவர் வழியாகக் கேட்டாலும் ரூட் பட்டியல் ஒன்றே. டாட் இன் என்பது மண்ணைக் குறிப்பதும் இல்லை. அந்தத் தளம் ஓடும் கணினி சிங்கப்பூரில் இருக்கலாம், அமெரிக்காவில் இருக்கலாம். பெயரைப் பதிந்தவர் இந்தியராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. லிங்க்ட்இன் நிறுவனம் தன் சுருக்க முகவரிக்கு டாட் இன்னைத்தான் பயன்படுத்துகிறது. அதன் பெயரின் கடைசி எழுத்துகளுக்கு அது பொருந்திப் போனதுதான் காரணம்.

சரி, இந்த இரண்டெழுத்தை யார் கொடுத்தார்கள்?

1980-களின் தொடக்கம் வரை இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் ஒரு குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டும் என்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும், மற்ற எல்லோரும் திருத்திய கோப்பை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சில நூறு கணினி இருந்தவரை ஓடிய வண்டி, எண்ணிக்கை பெருகப் பெருகத் திணறியது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஒரே கோப்பு என்பது போய், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது.

நாடுகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய கட்டம் வந்தபோது ஒரு சிக்கல். எது நாடு, எது நாடில்லை? இதைச் சொல்லப் போனால் அடிதடிதான். பெயர்களையும் எண்களையும் கவனித்துவந்த ஜான் போஸ்டல் அந்த வம்பில் மாட்டிக்கொள்ளவில்லை. நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. அதில் இருந்தால் கொடுப்போம், இல்லாவிட்டால் இல்லை, எது நாடு என்று தீர்மானிப்பது எங்கள் வேலை கிடையாது என்று ஒதுங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால், இணைய வரலாற்றிலேயே இதுதான் மிகவும் சாமர்த்தியமான முடிவு. பட்டியலில் இருந்ததால்தான் பசிபிக்கின் குட்டித்தீவு நாடான துவாலுவுக்கு டாட் டிவி வந்து, தொலைக்காட்சிக் கம்பெனிகளிடம் அந்தப் பெயரை விடுவதில் நல்ல வருமானம் வருகிறது. அங்குவிலா என்ற கரீபியன் தீவுக்கு டாட் ஏஐ அடித்தது அதைவிடப் பெரிய யோகம். மறுபக்கம், யூகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போன பிறகு டாட் ஒய்யூ என்ற பெயரையும் 2010-ல் மூடிவிட்டார்கள். அதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் இடம் மாற வேண்டியதாயிற்று.

1994 மார்ச்சில் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 1591 என்ற ஆவணம் இன்றைக்கும் இந்தத் துறையின் அடிப்படை. ஒரு நாட்டின் டொமைனை நிர்வகிப்பவர் அதற்கு உரிமையாளர் கிடையாது, அறங்காவலர். தன் நாட்டு மக்களுக்கும் உலக இணையத்துக்கும் சேவை செய்யும் கடமை அவருக்கு உண்டு. உரிமை, சொத்து என்று பேசுவது இங்கே பொருந்தாது என்று அதில் இருக்கிறது. போஸ்டல் 1998 அக்டோபரில் காலமானார். அதற்குச் சில வாரம் முன்புதான் இந்தப் பொறுப்புகளுக்காக ஐகேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாகியிருந்தது. ரூட் மீதான அமெரிக்க அரசின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1-ல் முடிவுக்கு வந்தது.

டாட் இன் பிறந்தது 1989 மே 8. அப்போது இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையமே கிடையாது. விஎஸ்என்எல் இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ல்தான். அதற்கு ஆறு ஆண்டு முன்பே நாட்டின் பெயர் ரூட்டில் ஏறியிருந்தது. காரணம், எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பையில் இருந்த என்சிஎஸ்டி என்ற தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் இருந்தன. டாட் இன் பெயர்ப்பதிவை அந்த மும்பை மையமே பார்த்துக்கொண்டது.

பார்த்துக்கொண்டது என்றால், ரொம்பவே கறாராகப் பார்த்துக்கொண்டது. டாட் இன்னுக்கு நேர் கீழே சாதாரண ஆள் பெயர் வாங்க முடியாது. கம்பெனி என்றால் டாட் கோ டாட் இன், அதற்கும் காகிதங்கள் காட்ட வேண்டும். டாட் காமோ கிரெடிட் கார்டு இருந்தால் சில நிமிடத்தில் கிடைத்தது. யார் இந்தப் பக்கம் வருவார்கள்? 1992 முதல் 2004 வரை டாட் இன்னில் பதிவான பெயர்கள் மொத்தம் 7,000 அளவுதான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது வெட்கக்கேடான கணக்கு. இந்தியாவின் அன்றைய பெரிய தளங்கள் டாட் காமில் இருந்ததற்கு மோகம் மட்டும் காரணமில்லை, வீட்டுக் கதவை நாமே சாத்தி வைத்திருந்தோம்.

2004-ல் அரசு கொள்கையை மாற்றியது. டாட் இன் பொறுப்பு நிக்ஸி என்ற அமைப்புக்குப் போனது. 2003-ல் லாப நோக்கற்ற நிறுவனமாகத் தொடங்கிய நிக்ஸியின் முதல் வேலை வேறு. இந்தியாவுக்குள் ஒரு கம்பெனியின் இணைப்பிலிருந்து இன்னொரு கம்பெனியின் இணைப்புக்குப் போகும் தகவல் வெளிநாடு சுற்றி வராமல் இங்கேயே பரிமாற வசதி செய்வது. அதனிடமே டாட் இன் பதிவகத்தையும் கொடுத்தார்கள். 2005 தொடக்கத்தில் கதவு திறந்தது. முதலில் வணிக முத்திரை வைத்திருந்தவர்களுக்கு வாய்ப்பு, அப்புறம் எல்லோருக்கும். முன்பு பன்னிரண்டு ஆண்டில் சேர்ந்த எண்ணிக்கை எல்லாம் சீக்கிரமே பின்னால் போய்விட்டது. இன்று டாட் இன் பெயர்கள் 40 லட்சத்துக்கும் மேல்.

இப்போதைய ஏற்பாட்டில் மூன்று தட்டு. மேலே பதிவகம், அதாவது நிக்ஸி. விதிகளும் மூலப்பட்டியலும் அதன் பொறுப்பு. நடுவில் நிக்ஸியிடம் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள். நாம் ஆன்லைனில் பணம் கட்டிப் பெயர் வாங்குவது இவர்களிடம். கீழே நாம். மூலப்பட்டியல் ஓடும் கணினிகளைப் பார்த்துக்கொள்ள நிக்ஸி வெளி நிறுவனத்தை அமர்த்துகிறது. முதலில் அஃபிலியாஸ், பிறகு நியூஸ்டார், அந்தப் பிரிவைக் கோடாடி வாங்கியதால் அது, இப்போது கனடாவின் டூக்கவ்ஸ் என்று கை மாறி வந்திருக்கிறது. நாட்டின் பெயர்ப்பட்டியலை வெளிநாட்டுக் கம்பெனி பராமரிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதியும் கொள்கையும் நிக்ஸியிடம் இருக்கும்வரை, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தால் ஆளை மாற்றலாம். மாற்றியும் காட்டியிருக்கிறார்கள்.

எல்லாப் பெயரும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. டாட் கவ் டாட் இன் அரசுக்கு மட்டும், அதைக் கொடுப்பது நிக். டாட் ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு, அதைக் கொடுப்பது எர்நெட். நம் கரையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில், கையில் காசு குறைவு, எல்லோர் கண்ணும் அரசு தரும் நிவாரணத்தின் மேல். அந்த நேரத்தில், 'உங்கள் தடைக்கால நிவாரணம் வந்துவிட்டது, வங்கி விவரத்தைச் சரிபார்க்க இங்கே அழுத்தவும்' என்று ஒரு செய்தி வந்தால் எத்தனை பேர் அழுத்தாமல் இருப்பார்கள்? அனுப்புகிறவனுக்கும் அது தெரியும். அவன் கொடுக்கும் முகவரி எப்படி இருக்கும் என்றால், முன்னால் வங்கியின் பெயர் இருக்கும், நடுவில் டாட் கவ் டாட் இன் என்றுகூட இருக்கும், அதற்குப் பிறகும் புள்ளி வைத்து வேறு ஏதோ பெயர், முடிவில் டாட் டாப். இடமிருந்து படித்தால் அரசாங்கம் மாதிரித் தெரியும். வலமிருந்து படித்தால் டாட் டாப்பில் எவனோ வாங்கிய பெயர். அதற்கு இடப்பக்கம் அவன் கலெக்டர் என்றும் போட்டுக்கொள்ளலாம், ரிசர்வ் வங்கி என்றும் போட்டுக்கொள்ளலாம், கேட்பாரில்லை. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டியதும் முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் இருப்பதைப் பாருங்கள். முகவரியின் கடைசி அதுதான். சாய்கோட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பதெல்லாம் அலங்காரம்.

வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2025-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. இந்திய வங்கிகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்ற தனி இடத்துக்கு மாற வேண்டும், கெடு 2025 அக்டோபர் 31 என்று உத்தரவு போட்டது. அந்த இடத்தில் பெயர் கொடுக்கும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற ஒரே நிறுவனத்துக்கு. வங்கி அல்லாத எவரும் அதில் நுழைய முடியாது. ஆக, முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிந்தால் அது ஒரு வங்கியின் தளம்தான் என்று நம்பலாம். வெறும் டாட் இன் என்று முடிவதில் அந்த உத்தரவாதம் இல்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று முன்பே பார்த்தோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். அந்தக் கரையின் டொமைன் டாட் எல்கே. டாட் இன்னுக்கு அடுத்த ஆண்டு, 1990-ல் பிறந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிஹான் டயஸ் முயற்சியில் தொடங்கிய பதிவகம், பிறகு லாப நோக்கற்ற நிறுவனமாக வளர்ந்தது. இங்கே அரசு கொள்கை வகுத்து ஓர் அமைப்பிடம் கொடுத்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் முளைத்தது அதே வேரில் நின்றது. போஸ்டலின் விதி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

தமிழ் எழுத்து விஷயத்தில் அந்தக் கரை முந்திக்கொண்டது. டாட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் டொமைன் 2010-ல் ரூட்டில் ஏறியது, சிங்கள எழுத்தில் உள்ளதும் கூடவே. டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் இரண்டும் தமிழ் எழுத்தில் 2011-ல் வந்தன. மூன்று நாடுகளின் பெயர் தமிழ் எழுத்தில் ரூட்டில் இருப்பது நமக்குப் பெருமைதான். பயன்பாடு என்று பார்த்தால் உதட்டைப் பிதுக்க வேண்டியிருக்கிறது. டிஎன்எஸ்ஸின் உள்ளே இன்னமும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும்தான் ஓடுகின்றன. தமிழில் அடித்த பெயரை பிரவுசர் ஒரு குறியீடாக மாற்றித்தான் அனுப்பும். அந்தப் பகுதி ஒழுங்காக நடக்கிறது. தகராறு வேறு இடத்தில். தமிழ் டொமைனில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஆன்லைன் படிவத்தில் கொடுத்துப் பாருங்கள், 'சரியான முகவரியைத் தரவும்' என்று நம்மிடமே சண்டைக்கு வரும். படிவம் செய்தவர்கள் ஆங்கில எழுத்தை மட்டும் நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

ஆனாலும் நம் ஊர்க்காரர்களுக்குத் தமிழ்ப் பெயரால் ஒரு நேரடி லாபம் உண்டு. கீழக்கரையை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் 'கீ'க்கு ஒரு ஐ போடுபவர் ஒருவர், இரண்டு ஈ போடுபவர் ஒருவர், நடுவில் ஒரு கே போதும் என்பவர், இரண்டு கே கேட்பவர் என்று ஆளுக்கொரு விதம். ஊர்ப் பெயரில் டொமைன் வாங்கும் கடைக்காரர் ஒன்றை வாங்கினால், வாடிக்கையாளர் வேறொன்றை அடிப்பார். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. இரண்டையும் வாங்கி, தமிழ்ப் பெயரை அடித்தாலும் அதே தளம் திறக்கும்படி வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பைச் செய்து விற்கும் காக்கா ஒருவரை எனக்குத் தெரியும். காக்கா என்றால் அங்கே அண்ணன். சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பார்சல் போகும் அளவுக்கு வியாபாரம். கடைப்பெயரில் டாட் இன் தளம் வைத்திருந்தார். திடீரென்று ஒரு நாள் தளத்தைத் திறந்தால் ரம்மி விளம்பரம். "தம்பி, வருசா வருசம் காசு கொடுத்துக்கிட்டுத்தானே இருந்தேன். கடை என்னது, பேரு என்னது இல்லையா?" என்று கேட்டார். "காக்கா, எந்த மெயில்ல பதிஞ்சிருக்குன்னு பாத்தீங்களா?" என்றேன். பார்த்தால், தளம் செய்து கொடுத்த பையன் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருக்கிறான். பணம் அவன் கைக்குத்தான் போயிருக்கிறது. நடுவில் அவன் வேலையை விட்டு எங்கோ போய்விட, 'காலக்கெடு முடிகிறது' என்ற எச்சரிக்கைகள் எல்லாம் யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்தன. கெடு முடிந்ததும் பெயர் உடனே போய்விடாது. சில வாரம் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகு கூடுதல் கட்டணம் கட்டி மீட்கும் காலமும் உண்டு. அதுவும் கடந்துவிட்டால் பெயர் பொதுவில் வந்துவிடும். எடுப்பவர் எடுத்துக்கொள்வார்.

டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது. புகார் கொடுத்தால் நிக்ஸி ஒரு நடுவரை நியமிக்கும். அந்தப் பெயர் என் வணிக முத்திரையை ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறார் என்று நாம் காட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் இந்த வழியில் தங்கள் பெயரை மீட்டிருக்கின்றன. காக்காவிடம் வணிக முத்திரைப் பதிவு கிடையாது. ஊர் முழுக்கத் தெரிந்த பெயர் என்றாலும் நடுவர் முன் காட்டக் கையில் காகிதம் இல்லை. கடைசியில் பெயரின் பின்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் புதிதாக வாங்கினார். இந்த முறை அவர் மின்னஞ்சல், அவர் போன் எண்.

நாட்டுக்கே அறங்காவல்தான் என்கிறபோது நமக்கு மட்டும் சொத்து எங்கிருந்து வரும்? பெயரை நாம் வாங்குவதாகச் சொல்கிறோம், உண்மையில் குத்தகைக்கு எடுக்கிறோம். ஆகவே பதிவாளரின் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், தளம் செய்கிறவருக்கு வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். பதிந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ கடைப்பெயரோ இருக்கிறதா என்று ஹூயிஸ் என்ற தேடலில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாருடைய விவரம் மறைத்திருந்தால் பதிவாளரின் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். முதல் ஆண்டு அடிமாட்டு விலை சொல்கிறவரிடம் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே தவணையில் 10 ஆண்டு வரைதான் டாட் இன் பெயரைப் பதிய முடியும். வாழ்நாள் முழுக்க உங்களுக்கே என்று யாராவது விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.